யார் தருகிறார், யார் பெறுகிறார்: ஐந்து கட்டங்களில் நமது உழைப்பு

(வந்தாறுமூலையில் நடந்த தொழிலாளர் கல்வி வகுப்பில் எமது சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மலையிலிருந்து வந்திருக்கும் நாங்கள் முதலில் இந்த ஊருக்கு வணக்கம் சொல்கிறோம். பேராதனையில் தொடங்கி, பதுளை வழியாக இறங்கி வரும் ஏ-5 வீதி வந்து முடிவது இங்கே பக்கத்தில் இருக்கும் செங்கலடியில்தான். எங்கள் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று இந்த ஊரிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். 1981 ஆகஸ்ட்டில் இந்த ஊர்ப் பாடசாலை வளவில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 ஒக்டோபரில் பல்கலைக்கழகமாக உயர்ந்த இடம் அது. லயத்து அறையில் குப்பி விளக்கில் படித்த பிள்ளை இங்கே முகாமைத்துவம் படிக்கிறது என்றால் அது எங்களுக்குப் பெருமைதான்.

அந்தப் பிள்ளைகள் தங்கள் பாடத்தில் படிக்கும் ஒரு விடயத்தைத்தான் இன்று நாம் எடுத்துக்கொள்ளப் போகிறோம். ‘இது கம்பனிக்காரன் படிக்கிற படிப்பு, நமக்கு எதற்கு?’ என்று யாரும் நினைக்க வேண்டாம். கம்பனிக்காரர் எந்தக் கண்ணாடி போட்டுக்கொண்டு நம்மைப் பார்க்கிறார் என்று தெரிந்தால்தான் பேச்சுவார்த்தை மேசையில் நாம் சரியாகப் பதில் சொல்லலாம். அத்தோடு, அதே முறையை வைத்து நமது ஈ.பி.எப். பணம் எந்த இடத்தில் சிக்கி நிற்கிறது என்றும் கண்டுபிடிக்கலாம்.

ஐந்து கட்டங்கள்

ஒரு தாளை எடுத்துப் படுக்கையாக வையுங்கள். மேலிருந்து கீழாக நாலு கோடு போடுங்கள். ஐந்து கட்டம் வரும். முதல் கட்டத்தில் ‘வழங்குநர்’, இரண்டாவதில் ‘உள்ளீடு’, மூன்றாவதில் ‘செயன்முறை’, நான்காவதில் ‘வெளியீடு’, ஐந்தாவதில் ‘வாடிக்கையாளர்’ என்று எழுதுங்கள். அவ்வளவுதான். இந்த ஐந்து சொல்லுக்குமான ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதை ‘சிபொக்’ என்கிறார்கள்.

பேர் பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். காலை நாலு மணிக்கு நமது வீட்டில் ரொட்டி சுடுகிற வேலையை இதில் போட்டுப் பார்ப்போம். வழங்குநர் யார்? கடைக்காரர், விறகு பொறுக்கி வந்த பிள்ளை, தண்ணீர்ப் பீலி. உள்ளீடு என்ன? கோதுமை மா, தேங்காய், உப்பு, தண்ணீர், விறகு. செயன்முறை என்ன? தேங்காய் துருவுவது, பிசைவது, தட்டுவது, சுடுவது. வெளியீடு ரொட்டி. வாடிக்கையாளர் யார்? பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், மலைக்குப் போகிற தாய், வீட்டிலிருக்கிற வயதானவர்.

இப்போது ஒரு கேள்வி. ரொட்டி கருகிவிட்டது. யாரில் பிழை? உடனே சுட்டவளைத்தான் திட்டுவார்கள். ஆனால் படத்தைப் பாருங்கள். விறகு ஈரமாக இருந்திருக்கலாம். அது உள்ளீட்டில் உள்ள குறை. மா பழையதாக இருந்திருக்கலாம். அது வழங்குநரிடம் உள்ள குறை. ஐந்து கட்டத்தையும் எழுதி வைத்தால் பழியைச் சுமத்துவதற்கு முன்னால் காரணத்தைத் தேடுவோம். இந்த முறையின் முழுப் பயனும் இதுதான்.

இந்த எண்ணம் புதியதல்ல. இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிப்போன யப்பானுக்கு 1950 இல் எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் போனார். அங்கே கம்பனித் தலைவர்களைக் கூட்டி வைத்து ஒரு படம் வரைந்து காட்டினார். ஒரு பக்கத்தில் மூலப்பொருள் தருபவர்கள், நடுவில் தொழிற்சாலை, மறுபக்கத்தில் பாவனையாளர்கள். ‘இது ஒரே சங்கிலி, தொழிற்சாலையை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள்’ என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். குறை வந்தால் அதில் பெரும்பகுதி ஏற்பாட்டில் உள்ள குறைதான், தனித் தொழிலாளியின் குறை அல்ல என்பதையும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். தோட்டத்தில் கொழுந்து தரமில்லை என்று பெண்களைத் திட்டுகிறவர்கள் இந்த இரண்டாவது பாடத்தைப் படிக்க மறந்துவிட்டார்கள் போலத் தெரிகிறது.

கொழுந்திலிருந்து கோப்பை வரை

இப்போது தேயிலைக்கு வருவோம். 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் வணிகத்துக்காகத் தேயிலை நட்ட நாளிலிருந்து இந்தச் சங்கிலி ஓடுகிறது. 1883 ஜூலை 30 ஆம் திகதி கொழும்பில் முதல் பொது ஏலம் நடந்தது. இன்றும் நமது தேயிலையில் பெரும்பகுதி வாரந்தோறும் கொழும்பு ஏலத்தில்தான் விலைபோகிறது. 2020 இல் கொவிட் வந்த பிறகு அந்த ஏலம் கணினி வழியாக நடக்கிறது.

நடுக் கட்டமாகிய செயன்முறையை முதலில் எழுதுவோம். கொழுந்து வாட்டுவது, உருட்டுவது, நொதிக்க விடுவது, சூடேற்றி உலர்த்துவது, சலித்துத் தரம் பிரிப்பது, பொதி செய்வது. ஆறு படி. ஸ்டோரில் வேலை செய்த யாரும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

வெளியீடு என்ன? பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., டஸ்ட் என்று தரம் தரமாகத் தேயிலை. சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை. மீதி நீராவியாகப் போகிறது.

வாடிக்கையாளர் யார்? ஏலத்தில் வாங்கும் ஏற்றுமதிக் கம்பனி. அதற்கப்பால் ஈராக், ரஷ்யா, துருக்கி, ஐக்கிய அரபு இராச்சியம், ஈரான் போன்ற நாடுகளில் தேநீர் குடிக்கும் மக்கள். ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான சுமார் 25 கோடி டொலர் கடனைத் தேயிலையாகவே தீர்ப்பது என்று 2021 டிசம்பரில் அரசாங்கம் உடன்பாடு செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். நாடு பட்ட எண்ணெய்க் கடனை அடைக்கிற பொருள் நமது கூடையிலிருந்து போகிறது. இதை நாம் மறக்கவும் கூடாது, மற்றவர்கள் மறக்க விடவும் கூடாது.

உள்ளீடு என்ன? பச்சைக் கொழுந்து, உரம், விறகு, மின்சாரம், இயந்திரம், தண்ணீர். வழங்குநர் யார்? உரக் கம்பனி, விறகு தருபவர், மின்சாரம் தருபவர், நல்ல கன்றுகளை உருவாக்கித் தந்த தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம்.

இங்கே கொஞ்சம் நிற்போம். கொழுந்து பறிக்கிற பெண்ணை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வழக்கமாக ஒரு நிர்வாகம் இந்தப் படத்தைப் போட்டால் ‘தொழிலாளர்’ என்ற சொல் உள்ளீட்டுக் கட்டத்தில் உரத்துக்கும் விறகுக்கும் கீழே வரும். உரத்துக்கு இவ்வளவு செலவு, விறகுக்கு இவ்வளவு செலவு, ஆளுக்கு இவ்வளவு செலவு. செலவு என்று எழுதிவிட்டால் பிறகு அதைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் தானாக வரும். சம்பளப் பேச்சுவார்த்தையில் ‘உற்பத்திச் செலவில் பெரும்பங்கு கூலிதான்’ என்று கம்பனித் தரப்பு சொல்வது இந்தக் கட்டத்திலிருந்துதான்.

நாங்கள் சொல்வது வேறு. மூட்டையில் வருகிற உரம் உள்ளீடு. அதை விற்ற கம்பனி வழங்குநர். அதேபோல, உழைப்பு உள்ளீடு. அதைத் தருகிற தொழிலாளி வழங்குநர். மூட்டையும் முதலாளியும் ஒன்றல்ல என்றால் உழைப்பும் உழைக்கிறவளும் ஒன்றல்ல. வழங்குநருக்குப் பேர் உண்டு, விலை பேசும் உரிமை உண்டு, விலை கட்டவில்லை என்றால் தரமாட்டேன் என்று சொல்லும் உரிமையும் உண்டு. இந்த ஒரு இடமாற்றத்தைச் செய்துவிட்டால் படம் முழுவதும் வேறு மாதிரித் தெரியும்.

இதற்கு ஒரு உதாரணம் நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. இலங்கைத் தேயிலையில் 70 வீதத்துக்கும் மேல் இன்று சிறு தோட்ட உடைமையாளர்களிடமிருந்து வருகிறது. அவர்கள் கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சூத்திரம் உண்டு. தேயிலை விற்ற சராசரி விலையில் 68 வீதம் கொழுந்து தந்தவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. அதாவது அவர்களைச் சட்டம் வழங்குநர் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஏலத்தில் விலை ஏறினால் அவர்கள் பங்கும் ஏறும்.

விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நாளில் 18 கிலோ பறித்தால் அது சுமார் 4 கிலோ தேயிலை. கிலோ 1,000 ரூபா என்று வைத்தால் 4,000 ரூபா. சிறு உடைமையாளரின் கொழுந்தாக இருந்தால் 68 வீதப்படி அதில் 2,720 ரூபா அவர் பங்கு. கம்பனித் தோட்டத்தில் பறிக்கும் தொழிலாளிக்கு 2021 மார்ச்சில் சம்பளச் சபை வழியாக வந்தது 1,000 ரூபா. 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபா ஆனது. ஏலத்தில் என்ன விலை போனாலும் இந்த எண் தானாக அசையாது.

இதை நாம் நேர்மையாகப் பேச வேண்டும். சிறு உடைமையாளர் தன் பங்கிலிருந்துதான் உரம் வாங்க வேண்டும், கவ்வாத்து வெட்ட வேண்டும், பறிக்க ஆள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டும். தோட்டத்திலும் கொழுந்து பறிக்காத தொழிலாளர்கள், ஸ்டோர் ஆட்கள், உத்தியோகத்தர் எல்லோருக்கும் சம்பளம் இதே 4,000 ரூபாவிலிருந்துதான் போக வேண்டும். ஆகவே 2,720 ஐயும் 1,350 ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘இவ்வளவு திருட்டு’ என்று மேடையில் கத்துவது சரியாகாது. ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம். ‘சிறு உடைமையாளருக்கு விலையோடு சேர்ந்து அசையும் சூத்திரம் இருக்க முடியும் என்றால் எங்களுக்கு ஏன் இருக்க முடியாது? உங்கள் ஐந்து கட்டத்தையும் திறந்து காட்டுங்கள், எங்கே எவ்வளவு போகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.’ இந்தக் கேள்விக்குக் கோபப்பட்டுப் பதில் சொல்ல முடியாது. கணக்கை எடுத்து வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

உள்ளீடு அறுந்தால்

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானியில் தடை செய்யப்பட்டது. நவம்பரில் அந்தத் தடை விலக்கப்பட்டது. இடையில் நடந்ததை மட்டக்களப்பு விவசாயிகளுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. மலையிலும் அதேதான். 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் சுமார் 25 கோடி கிலோவாக விழுந்தது. செடியில் கொழுந்து இல்லை. ஆனால் பல தோட்டங்களில் கிலோக் கணக்கு மட்டும் குறையவில்லை. கிலோ சேரவில்லை என்றால் அரைப்பேர்.

படத்தில் பாருங்கள். உரம் இல்லாதது முதல் இரண்டு கட்டத்தின் குறை. அதற்குத் தண்டனை விழுந்தது நடுக் கட்டத்தில் நிற்கிற பெண்ணுக்கு. வெளியீடு குறைந்தால் உள்ளீட்டைப் பார் என்பது முகாமைத்துவப் பாடத்தின் முதல் பக்கம். அந்தப் பக்கத்தைக் காட்டி ‘அரைப்பேர் போடாதே’ என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த ஊருக்குப் பக்கத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. சித்தாண்டி, கிரான் தாண்டிப் போனால் வாழைச்சேனை காகித ஆலை. 1950களில் அரசாங்கம் தொடங்கியது. வைக்கோலைக் கூழாக்கிக் காகிதம் செய்தார்கள். அதன் ஐந்து கட்டம் எவ்வளவு அழகாகப் பொருந்தியது என்று யோசித்துப் பாருங்கள். வழங்குநர் நெல் விளைவிக்கிற விவசாயி. உள்ளீடு, வயலில் எரித்துவிடுகிற வைக்கோல். வெளியீடு காகிதம். அந்தக் காகிதத்துக்குக் காத்திருக்கிறவர்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் ஒருத்தர். பிறகு திறந்த பொருளாதாரத்தில் இறக்குமதிக் காகிதம் வந்தது, போர் வந்தது, இயந்திரம் பழையதானது, ஆலை படுத்துவிட்டது.

2022 மார்ச்சில் என்ன நடந்தது? மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையைத் தள்ளி வைத்தார்கள். காரணம், வினாத்தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லை. காகிதம் வாங்க டொலர் இல்லை. வைக்கோல் நாட்டில் இருந்தது, ஆலைக் கட்டடம் இருந்தது, வேலை தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள், பரீட்சை எழுதப் பிள்ளைகள் இருந்தார்கள். சங்கிலிதான் அறுந்து கிடந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற நமக்கு அந்தச் செய்தி மிகவும் சுட்டது. ஒரு தொழிற்சாலையை மூடும்போது உள்ளே வேலை செய்கிறவர்களின் வேலை போகிறது என்று மட்டும் பார்க்கிறோம். முதல் கட்டத்தில் இருக்கிற விவசாயிக்கும் கடைசிக் கட்டத்தில் இருக்கிற பிள்ளைக்கும் என்ன போகிறது என்றும் பார்க்க வேண்டும். தோட்டத்தைக் காடாக விடுகிற இடங்களிலும் இதே கணக்குத்தான். லயத்துக் கடைக்காரர், கொழுந்து லொறி ஓட்டுநர், பள்ளிக்கூடத்தில் குறைகிற பிள்ளைத் தொகை எல்லாம் அந்தப் படத்துக்குள் வரும்.

தராசடியில் ஒரு படம்

பெரிய சங்கிலியை விடுவோம். நாளைக்கே நீங்கள் செய்யக்கூடிய சிறிய படம் ஒன்று. கொழுந்து மடுவத்தில் நிறுக்கும் வேலை.

செயன்முறை: சாக்கைத் தராசில் தொங்கவிடுவது, நிறையை வாசிப்பது, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பது, புத்தகத்தில் எழுதுவது, லொறியில் ஏற்றுவது. வெளியீடு என்ன? கொழுந்து என்று சொல்வீர்கள். இல்லை. கொழுந்து உள்ளே வந்தபடியே வெளியே போகிறது. நிறுக்கும் வேலையின் வெளியீடு அந்தப் புத்தகத்தில் விழும் எண். அந்த எண்ணுக்கு வாடிக்கையாளர் இரண்டு பேர். ஒன்று ஸ்டோர். மற்றது, அந்த எண்ணை வைத்துப் பேர் வாங்கப்போகிற தொழிலாளி. வாடிக்கையாளர் என்றால் பொருளைப் பார்க்கும் உரிமை உண்டு. ஆகவே எழுதின எண்ணை அங்கேயே காட்டச் சொல்வது சண்டித்தனம் அல்ல.

உள்ளீட்டில் ஒன்றை மறந்துவிடுவோம். தராசு. அதைத் தருவது தோட்டம். தராசுகளைச் சோதித்து முத்திரையிடுவது அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் வேலை. 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இருக்கிறது. நமது தராசில் முத்திரை இருக்கிறதா, எந்த ஆண்டு முத்திரை என்று தோட்டக் கமிட்டி பார்த்து எழுதி வைக்க வேண்டும்.

கழிப்பதற்கும் ஒரு கேள்வி. மழை நாளுக்கு எத்தனை கிலோ, வெயில் நாளுக்கு எத்தனை கிலோ என்று எங்காவது எழுதியிருக்கிறதா? அல்லது நிறுக்கிறவர் வாயில் வந்ததா? மலையில் எழுதின மொத்த நிறையையும் ஸ்டோரில் இறக்கி நிறுத்த மொத்த நிறையையும் ஒப்பிட்டால் உண்மை தெரியும். போகிற வழியில் கொழுந்து வாடிக் கொஞ்சம் நிறை குறைவது இயல்பு. ஆனால் ஸ்டோரில் நிறை கூடினால் அந்தக் கூடின கிலோ யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கும்.

ஈ.பி.எப். பணம் நடக்கிற பாதை

இனி, நமது வீடுகளில் கண்ணீர் வர வைக்கிற விடயம். சேமலாப நிதி.

1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி நமது சம்பளத்தில் 8 வீதம் நாம் கொடுக்கிறோம், 12 வீதம் தொழில்தருநர் போட வேண்டும். ஈ.டி.எப். நிதிக்கு 3 வீதம், அது முழுக்கத் தொழில்தருநர் பணம். 1,350 ரூபா நாட்சம்பளம் என்று வைத்தால் நமது 108 ரூபா, அவர்களது 162 ரூபா, சேர்த்து ஒரு நாளைக்கு 270 ரூபா. ஈ.டி.எப். 40 ரூபா 50 சதம். மாதம் 25 நாள் வேலை என்றால் ஈ.பி.எப். மட்டும் 6,750 ரூபா. இது நமது கடைசிக்காலச் சோறு.

படம் போடுவோம். வழங்குநர்: தொழிலாளி, தோட்ட நிர்வாகம். உள்ளீடு: அந்தப் பணம், நமது பேர், அடையாள அட்டை இலக்கம், உறுப்பினர் இலக்கம். செயன்முறை: செக்ரோலில் பேர் விழுவது, சம்பளத்தில் கழிப்பது, சி படிவம் நிரப்புவது, அடுத்த மாத முடிவுக்குள் மத்திய வங்கிக்குப் பணத்தை அனுப்புவது, அங்கே நமது கணக்கில் பதிவது, வயது வந்தபின் தொழில் திணைக்களத்தில் விண்ணப்பிப்பது. வெளியீடு: கணக்குக் கூற்று, கடைசியில் பணம். வாடிக்கையாளர்: ஓய்வுபெற்ற தொழிலாளி. அவர் காலமாகிவிட்டால் அவர் பெயர் குறித்த வாரிசு.

எமது பகுதியில் ஒரு தாய். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். விண்ணப்பம் போட்டுவிட்டு மாதக்கணக்கில் தொழில் காரியாலயத்துக்கு நடந்தார். ஒவ்வொரு முறையும் பஸ் காசு, ஒரு நாள் போக்கு. போகிற இடத்தில் உள்ள ஆட்களைத்தான் எல்லோரும் திட்டினோம். பிறகு தோட்டக் கமிட்டித் தோழர்களும் நாங்களும் உட்கார்ந்து இந்தப் படத்தைப் போட்டோம். ஒவ்வொரு படியிலும் அவர் பேர் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்தோம். அடையாள அட்டையில் ஒரு விதம். பழைய செக்ரோலில் இன்னொரு விதம். சி படிவத்தில் ஆங்கில எழுத்து மாறி மூன்றாவது விதம். சிக்கல் கடைசிப் படியில் இல்லை. உள்ளீட்டிலேயே, அவர் இளம்பெண்ணாகப் பேர் பதிந்த நாளில் விழுந்த சிக்கல் அது. எங்கே திருத்த வேண்டும் என்று தெரிந்தவுடன் கடிதமும் சத்தியக்கடதாசியும் சரியான இடத்துக்குப் போயின. பணம் வந்தது.

அந்தத் தாய்க்கு வேறு எந்த விசேஷ உதவியும் கிடைக்கவில்லை. படி படியாகப் பார்த்ததுதான். ஆகவே பிள்ளைகளே, வீட்டுக்குப் போனால் அம்மாவின் அடையாள அட்டை, பி கார்ட், சம்பளத் துண்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள். ஐம்பது வயதில் திருத்துவதைவிட முப்பது வயதில் திருத்துவது லேசு.

பணமே அனுப்பப்படாமல் இருந்தால் அது வேறு சிக்கல். பிந்திக் கட்டினால் பிந்தின காலத்தைப் பொறுத்து 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு. நமது கணக்குக் கூற்றையும் சம்பளத் துண்டையும் மாதம் மாதமாக ஒப்பிட்டால் எந்த மாதம் விழவில்லை என்று தெரியும்.

பணிக்கொடைக்கும் இப்படியே. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். குறைந்தது ஐந்து ஆண்டு சேவை வேண்டும். நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாகப் பெற்ற சம்பளத்தின்படி. 30 ஆண்டு சேவை என்றால் 420 நாள். 1,350 ரூபாப்படி 567,000 ரூபா. வேலையை விட்டு 30 நாளுக்குள் தர வேண்டும். இந்தப் படத்தில் கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘30 நாள்’ என்று சிவப்புப் பேனையால் எழுதுங்கள்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு

ஐந்து கட்டம் ஒரு வேலை எப்படி ஓடுகிறது என்று காட்டும். யார் கையில் அதிகாரம் இருக்கிறது என்று காட்டாது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. இரண்டு முறையும் செயன்முறைக் கட்டத்தில் ஒரு படியும் மாறவில்லை. அதே வாட்டல், அதே உருட்டல். மாறினது ஆளுகிறவர். ஆகவே படம் போட்டுவிட்டால் நியாயம் தானாக வந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. சங்கம் இல்லாத கையில் இந்தப் படம் வெறும் தாள். படம் இல்லாத சங்கம் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேசைக்குப் போகும்.

அதனால் நாங்கள் இதில் மூன்று கட்டம் கூடச் சேர்த்திருக்கிறோம். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில்: இதற்குப் பொறுப்பு யார்? எத்தனை நாளுக்குள்? நடந்ததற்குச் சாட்சியான தாள் எது? இந்த மூன்றையும் எழுதினால் அது அப்படியே முறைப்பாட்டுக் கடிதத்தின் முதல் நகலாகிவிடும்.

வீட்டுவேலை

பள்ளிக்கூட வாத்தியார் பேசினால் வீட்டுவேலை இல்லாமல் முடியாது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்னால் ஒரே ஒரு படம் போட்டு வாருங்கள். பெரிதாக எடுக்க வேண்டாம். தராசு, ஈ.பி.எப்., லயத்துக் கூரைத் திருத்தம், தண்ணீர்ப் பீலி, பிள்ளை மடுவம், எது உங்கள் தோட்டத்தில் எரிகிறதோ அது.

போடும் முறை இது. முதலில் வேலை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தீர்மானியுங்கள். பிறகு நடுக் கட்டத்தில் ஐந்து, ஆறு படிக்கு மேல் போகாமல் எழுதுங்கள். அதற்குப் பிறகு வெளியீடு, அது யாருக்கு. கடைசியாக உள்ளீடு, அது யாரிடமிருந்து. கமிட்டித் தலைவர் மட்டும் உட்கார்ந்து எழுதக் கூடாது. அந்த வேலையைக் கையால் செய்கிறவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மடுவத்துப் படம் என்றால் கொழுந்து பறிக்கிற பெண்கள் இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். எழுதின பிறகு சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். ‘அப்படி இல்லையே’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில்தான் விடயம் இருக்கிறது.

பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வரும்போது ஒரு பின்னேரம் கமிட்டியோடு உட்காருங்கள். நீங்கள் பரீட்சைக்கு எழுதுகிற அதே படம்தான். கொண்டுவந்த படங்களை அடுத்த வகுப்பில் சுவரில் ஒட்டி எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். தாளும் பேனையும் சங்கம் தரும்.